மூடி திறந்திருக்கும் வரை

தோழி,

சென்ற கிழமை நெல்லித்தோப்பில் ஒரு திருமணக் கூடத்தில் நடந்த தமிழ்க் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். மேடை ஏறுமுன் கை கழுவலாம் என்று பின்பக்கம் போனேன். குழாயடியில், ஈரத்தில் ஊறி வெடித்த ஒரு சிவப்புச் சோப்புக்கட்டி கிடந்தது. வழலை என்று எழுதினால் நீ சிரிப்பாய் என்பதால் சோப்பு என்றே எழுதுகிறேன். அதைக் கையில் தேய்த்ததும் அந்தக் காரமான, மருந்து போன்ற, நெஞ்சைச் சற்றே அடைக்கும் மணம் எழுந்தது. உடனே என் வாய் தானாக மூடிக்கொண்டது. கூட்டத் தலைவர் அருகில் வந்து, "இன்னாம்மா, தொண்டை கட்டிக்கிச்சா? வெந்நீர் கொண்டாரச் சொல்லவா?" என்றார். தலையை மட்டும் அசைத்தேன். என் தொண்டைக்கு ஒன்றுமில்லை, என் தோழியின் ஆணை இன்னும் என் வாயில் இருக்கிறது என்பதை அவருக்கு எப்படி விளக்குவேன்?

அது உன் கையின் மணம். எத்தனை முறை கழுவினாலும் உன் விரல்களை விட்டுப் போகாத மணம். குருதியின் அணுக்கள்மேல் நீ ஊற்றும் அந்த இளஞ்சிவப்பு நீரின் மணம். ஆய்வுக்கூடத்தை விட்டு நீ வெளியே வந்து என் தோளில் கை போட்டால், உன்னைப் பார்க்குமுன்பே நீ வந்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நம் முதல் சந்திப்பை நீ எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். கல்லூரித் தமிழ் மன்றத்தில் நான் முழங்கிக்கொண்டிருந்தேன். பிறமொழிச் சொல்லைக் கலப்பவர் தம் தாயின் பாலில் தண்ணீர் கலப்பவர் என்றேன். கைதட்டல் கூரையில் மோதியது. கூட்டம் கலைந்ததும் நீ என்னிடம் வந்தாய். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரின் மகள். சொல்தா வீட்டுப் பெண் என்று கல்லூரிக்கே உன்னைத் தெரியும். "நல்லாத்தான் பேசுன. ஆனா மைக்கு இல்லாம பேசிப் பாரு, அது வெள்ளைக்காரன் சாமான்" என்றாய். "அதற்கு ஒலிவாங்கி என்று பெயர்" என்றேன். "பேரை மாத்திட்டா சாமான் உன்னுதாயிடுமா?" என்றாய். பஞ்சாலைத் தொழிலாளியின் மகளான எனக்கு அன்றுவரை எதிர்த்துப் பேசும் தோழி ஒருத்தியும் கிடைத்ததில்லை. அன்று மாலையே இருவரும் ஒரே தட்டில் வடை தின்றோம்.

நீ அறிவியல் படித்து ஆய்வுக்கூடத்துக்குள் போனாய். நான் மேடைகளுக்குப் போனேன். பேசாமல் வேலை செய்பவள் நீ, பேசுவதையே வேலையாகக் கொண்டவள் நான். என் அண்ணனுக்கு நோய் வரும்வரை நம் இருவரின் தொழிலும் ஒரே அறையில் சந்திக்கும் என்று நாம் நினைத்ததே இல்லை.

அண்ணன் அரியாங்குப்பத்தில் ஒரு பனிக்கட்டி ஆலையில் வேலை பார்த்தார். உப்புநீர்த் தொட்டியில் தகரப் பெட்டிகளை இறக்குவது, உறைந்ததும் தூக்குவது, மீன் வணிகர்களுக்கு உடைத்துக் கொடுப்பது. ஆளுயரக் கட்டியைக் கொக்கியால் ஒற்றைக் கையில் இழுத்து வருவார். அப்படிப்பட்டவர் படியேற மூச்சு வாங்கினார். இடப்பக்க விலாவின் கீழ் வயிறு புடைத்தது. குருதியைப் பார்த்த மருத்துவர் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகியிருப்பதாகச் சொன்னார். குருதிப் புற்றுநோய். அப்போதுதான் வந்திருந்த ஒரு புதிய மாத்திரையைக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, நடை திரும்பியது. ஆனால் மேலே அடங்கியது வேரிலும் அடங்கியதா என்பதை எவரும் சொல்லவில்லை. மாத்திரை தோற்றால் அடுத்தது எலும்பு மச்சையை மாற்றுவதுதான். என் மச்சை அவருக்குப் பொருந்தவில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே எங்களுக்கு அடுத்தது என்று ஒன்று இல்லை. அந்த மாத்திரை ஒன்றே எங்கள் கையில் இருந்தது.

வேரைப் பார்க்கும் ஆய்வு உன் கூடத்தில்தான் நடந்தது. அது என்னவென்று நீ எனக்கு விளக்கிய இடம் கடற்கரைச் சாலையின் தாழ்ந்த சுவர்.

"டி.என்.ஏன்றது வீட்டுப் பத்திரம் மாதிரி. பெட்டிக்குள்ளயே கெடக்கும், கெடாது. அதுலருந்து அன்னன்னிக்கு வேலைக்கு எடுக்குற நகல்தான் ஆர்.என்.ஏ. வேலை முடிஞ்சா அணுவே கிழிச்சிப் போட்டுடும். உங்க அண்ணன் ரத்தத்துல ஒரு தப்பான நகல் சுத்தினு இருந்தது. பெருகு பெருகுன்னு வெள்ளணுவைத் தூண்டிவிடுற நகல். மாத்திரை அந்த நகல் இருக்கிற அணுங்களை ஒழிக்கணும். ஒழிச்சிடுச்சான்னு தெரியணும்னா, நான் ரத்தத்துலருந்து நகலுங்களை உடையாம வெளிய எடுக்கணும்."

"உடையாம எடுக்கறது அவ்வளவு கடினமா?"

"அதைத் தின்றதுக்கு ஊரே வாயைத் தொறந்துனு நிக்குது. என் விரல்ல இருக்கிறது தின்னும். மேசைத் தூசியில இருக்கிறது தின்னும். உன் எச்சி ஒரு துளி தெறிச்சா போதும், வழிச்சி முழுங்கிடும்."

நான் விடுவேனா? செய்தியிழை என்று அதற்கு அங்கேயே பெயர் வைத்தேன். நீ கடலைப் பார்த்தபடி, "பேரு இன்னா வெச்சாலும் சரி, உடையாம வந்தா அதுக்கே ஒரு மெர்சி சொல்லுவேன்" என்றாய்.

உன் அறைக்கு நான் முதன்முறை வந்த நாள் நினைவிருக்கிறதா? கதவைத் திறந்ததும் வணக்கம் சொல்ல வாயெடுத்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் இடக்கையை உயர்த்தினாய். உன் முன்னால் விரல் நீளக் குழாய்கள் சில, வாய் திறந்து நின்றன. மூச்சுக்கூட விடாதே என்பதுபோல அந்தக் கை அப்படியே நின்றது. ஆயிரம் பேர் கூடிய திடலில் எவராலும் அடக்க முடியாத வாய் இது. காவலர் வந்து ஒலிபெருக்கியை நிறுத்தியபோதும் நிற்காத வாய். உன் ஐந்து விரல்களின் முன் அடங்கி நின்றது. கடைசிக் குழாயின் மூடியை நீ அழுத்தியபோது சிறு ஓசை கேட்டது. பிறகுதான் திரும்பினாய்.

"இப்ப சொல்லு வணக்கம்."

"வந்தவளை இப்படியா நிறுத்துவது?"

"மூடி தொறந்திருக்கும்போது எங்க டைரக்டரே வந்தாலும் வாயைத் தொறக்கக் கூடாது. நீ பேசுற பேச்சுக்கு முன்வரிசைக்காரங்க துண்டு எடுத்துத் தொடச்சிப்பாங்க. என் குழாயிங்க இன்னா பண்ணும்?"

அண்ணனின் முதல் ஆய்வு நாள் வந்தது. காலையில் மருத்துவமனையில் குருதி எடுத்தார்கள். உன் கருவி மதியத்துக்கு மேல்தான் உனக்குக் கிடைக்கும். ஆகவே தொலைப்பேசியில் அண்ணனிடம், "குளிர்ச்சியா வெச்சிருந்து மத்தியானம் கொண்டாந்துடுங்கண்ணே" என்று சொன்னாய். மதியம் அவர் மீன் வணிகர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீ உள்ளறையில் இருந்தாய். வாயிலில் இருந்தவர் குழாயை மட்டும் எடுத்துக் குளிர்பேழையில் வைத்துவிட்டு அவரை அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து எங்களை வரச் சொன்னாய். உன் மேசையில் கரிய ஒளிப்படம் ஒன்று இருந்தது. இருட்டில் வெண்ணிறக் கோடுகள். உன் முகத்தைப் பார்க்காமல் அண்ணன் படத்தையே பார்த்தார்.

"டாக்டரம்மா, இதுல என்னுது எது?"

"இந்த வரிசைண்ணே. பக்கத்துல இருக்கிறது, நோய் இருக்குன்னு நல்லாத் தெரிஞ்ச வேற ஒருத்தருது. ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு."

அந்த வேறொருவரின் வரிசையில் மேலே ஒரு கோடு பளிச்சென்று இருந்தது. அண்ணனின் வரிசையில் அந்த இடம் வெறுமை. அவர் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார்.

"பாப்பா, பாரு. எனக்குக் கோடே இல்ல. ஒண்ணுமே இல்ல."

நீ சிரிக்கவில்லை. "அண்ணே, உக்காருங்க. நான் அப்படிச் சொல்லல" என்றாய்.

எனக்குச் சினம் மூண்டது. "கண்ணெதிரே இல்லைன்னு இருக்கு. அதை இல்லைன்னு சொல்ல உனக்கு என்னடி தடை? அந்த ஒரு சொல்லுக்காக இவர் எத்தனை நாளா தூங்காம இருக்கார்னு தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் சொல்ல மாட்டேன்." நீ விரலைப் படத்தின் கீழ்ப்பகுதிக்கு நகர்த்தினாய். "இங்க பாரு. இது எல்லா மனுசருக்கும் இருக்கிற நகல். உனக்கு, எனக்கு, தெருவுல போறவருக்கு, எல்லாருக்கும் இருக்கும். அந்த நோயாளிக்குக்கூட இருக்கு பாரு, பளிச்சுன்னு. உங்க அண்ணன் உசுரோட எதுருல உக்காந்திருக்காரு, அவருக்கும் இருந்தாகணும். காணோம். அப்படின்னா இன்னா அர்த்தம்? நல்ல நகல், கெட்ட நகல் எல்லாமே உடைஞ்சி தூளாயிடுச்சி. நான் பாத்தது வெறும் இருட்டு. இருட்டைப் பாத்துட்டு வந்து, அங்க திருடன் இல்லன்னு உங்களுக்கு நல்ல சேதி சொல்லணுமா?"

அண்ணனின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மறுத்துப் பேச என்னிடம் சொற்கள் இருந்தன. உன் விரல் தொட்டுக் காட்டிய அந்த வெறுமையை நிரப்பத்தான் ஒன்றும் இல்லை.

"மூடி தொறந்தப்பவே எனக்குத் திக்குனு இருந்தது" என்றாய் நீ. "மேல நிக்கிற தண்ணி வெளிர் மஞ்சளா இருக்கணும். செம்பருத்திச் சாறு மாதிரி செவந்து இருந்தது. இருந்தாலும் ஓட்டிப் பாத்துட்டேன். அண்ணே, நீங்க எப்படிக் கொண்டாந்தீங்க?"

அண்ணனின் முகம் மெல்ல நிமிர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த துறை. எந்தப் பிழையும் தன் பக்கம் இருக்க முடியாது என்ற உறுதி குரலில் ஏறியது.

"அதெல்லாம் ஒரு கொறையும் வைக்கலம்மா. நேரா நம்ம ஐஸ் கம்பெனிக்குத்தான் எடுத்துனு போனேன். நைசா ஒடச்ச ஐசு. கல்லுப்பு ரெண்டு கை அள்ளிப் போட்டுக் கலந்தேன். உப்பு போடலன்னா ஐசுக்கு வேகம் வராது பாருங்க. நட்ட நடுவுல குழாயைச் சொருகி, மேல சாக்கு போட்டு இறுக்கிட்டேன். எடுக்கும்போது கல்லு மாதிரி இருந்தது. வஞ்சிரத்தை அப்படி வெச்சா நாலு நாளானாலும் கண்ணு வெளுக்காது."

நீ இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாய். தோள்கள் குலுங்கின. அழுகிறாய் என்று எண்ணி எழுந்தேன். கையை எடுத்தபோது உன் கண்ணில் நீர் இருந்தது உண்மை. ஆனால் நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

"அண்ணே, ரத்தத்தை வஞ்சிரமாக்கிட்டீங்களே."

"ஏம்மா, குளிர்ச்சியான்னு சொன்னீங்களே."

"பானைத் தண்ணியும் குளிர்ச்சிதாண்ணே. ரத்தம் உறைஞ்சா ஒவ்வொரு அணுவும் வெடிச்சிடும். உருகுனதும் உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வந்து நகலைத் தின்னுடும். மீனுக்கு அதனால ஒண்ணும் ஆவாது, இதுக்கு ஆவும்." பிறகு என் பக்கம் திரும்பினாய். "தப்பு என் பேர்லதான். போயும் போயும் ஐஸ் கம்பெனிக்காரர்கிட்ட குளிர்ச்சின்னு மொட்டையா சொன்னேன் பாரு."

அரியாங்குப்பம் பாலத்தில் பேருந்து ஏறியபோது அண்ணன் சன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவங்க சும்மாவாச்சும் இல்லன்னு சொல்லியிருக்கலாம் பாப்பா. ஒரு வாரமாச்சும் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்." அந்த ஆற்றைக் கடக்கும் வரை உன்மேல் எனக்கு எரிச்சல்தான். உண்மை சொல்லும் தோழி வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், என் அண்ணனுக்கு மட்டும் இனிய பொய் ஒன்று கிடைத்திருக்கலாம் என்று எண்ணினேன்.

மறுமுறை நீயே மருத்துவமனைக்கு வந்தாய். குருதி எடுத்தவர் கையிலிருந்து குழாயை வாங்கி, ஈரத்துணி சுற்றிய சிறு பெட்டியில் வைத்து, உன் வண்டியின் பின்னால் என்னை ஏற்றினாய். "மடியில வெச்சிக்க. ஆனா கட்டிப் புடிச்சிச் சூடு ஏத்தாத" என்றாய். நகரின் நேர்நேரான தெருக்களில் நீ மெதுவாக ஓட்டினாய். மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் என் உயிர் அந்தப் பெட்டிக்குள் குலுங்கியது.

அன்று என்னை உள்ளே உட்கார விட்டாய். தலைக்கு உறை, வாய்க்கு மறைப்பு, மூலையில் ஒரு முக்காலி. பேசக் கூடாது. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் விழித்திருந்தும் பேசாமல் இருந்தது அன்றுதான்.

பேசாதவளுக்குக் கண் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது. மேசையை நீ துடைத்தாய், கையுறையைத் துடைத்தாய், துடைத்த கையுறையை மாற்றி மறுபடி துடைத்தாய். செவ்வணுக்களை ஒரு நீரில் கரைத்து விலக்கினாய். சுழலியில் சுற்றி எடுத்தபோது, அடியில் வெள்ளணுக்கள் வெள்ளைப் புள்ளியாய்த் திரண்டிருந்தன. அண்ணனைக் கொல்ல வந்தவையும் காக்க வந்தவையும் அந்தப் புள்ளிக்குள் கலந்து கிடந்தன. அதன்மேல் இளஞ்சிவப்பு நீரை ஊற்றினாய். மணம் அறையை நிறைத்தது. இன்னொரு நீரைச் சேர்த்துக் குலுக்கி மறுபடி சுழற்றி எடுத்தாய். குழாய் மூன்று அடுக்காகப் பிரிந்து நின்றது. அடியில் சிவப்பு, நடுவில் பாலாடை போன்ற வெண்ணிற ஏடு, மேலே ஒன்றுமே இல்லாததுபோல் தெளிந்த நீர். செய்தியிழை அந்தத் தெளிந்த நீரில்தான் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய்.

நுனி மெலிந்த உறிஞ்சுகுழலை இறக்கினாய். நடு ஏட்டைத் தொடாமல், அதன் தலைக்குமேல் மயிரிழை தள்ளி, உறிஞ்சினாய். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எடுத்துக்கொள்ளேன் என்று என் கண் கெஞ்சியது. நீ எடுக்கவில்லை. மூடியை அழுத்திய பிறகு, என் கண்ணுக்கு மறுமொழி சொல்வதுபோல், "ஆசைப்படக் கூடாது. கடைசிச் சொட்டு வரைக்கும் எடுக்கணும்னு போனா நடு ஏடு கூடவே வந்துடும். உள்ளதும் கெட்டுப்போகும்" என்றாய்.

முடிவில் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கி அடியைக் காட்டினாய். ஒன்றும் தெரியவில்லை. சாய்த்துக் காட்டினாய். உப்புநீர் காய்ந்த தடம்போல ஏதோ ஒன்று மினுங்கி மறைந்தது. அண்ணனின் உடல் அந்தக் காலையில் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட அத்தனை செய்தியும் அவ்வளவுதான். நான் தலையை ஆட்டினேன். மறைப்புக்குள் என் முகம் நனைந்திருந்ததை நீ பார்த்தாயோ என்னவோ.

அதை ஒரு கூழ்த்தகட்டில் ஓட்டி முதலில் ஒளியில் பார்த்தாய். இரண்டு கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, கத்தியால் கீறியதுபோல் தெளிவாக நின்றன. சென்ற முறை அந்த இடத்தில் சுண்ணாம்புத் தண்ணீரைச் சுவரில் கொட்டியதுபோல் ஒரு தீற்றல்தான் இருந்ததாம். "நகலுங்க முழுசா இருந்தா இந்த ரெண்டு கோடும் நிக்கும். நிக்குது. உடையல" என்றாய். "இனிமேதான் கேள்வியே கேக்கணும். நாளைக்கு அண்ணனைக் கூட்டினு வா."

மறுநாள் அதே மேசை, அதே போன்ற கரிய படம். அண்ணன் இந்த முறை தன் வரிசை எது என்று கேட்கவில்லை. மேலே நோயின் கோடு இருக்க வேண்டிய இடம் அன்று போலவே வெறுமை. அன்று போலவே இருட்டு. ஆனால் கீழே, எல்லா மனிதருக்கும் இருக்கும் அந்தக் கோடு, வெண்மையாய் எரிந்துகொண்டிருந்தது.

"இப்ப சொல்றேண்ணே" என்றாய். "இல்ல. என் மெஷின் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு இல்ல. மாத்திரை வேலை செய்யுது. நிறுத்தக் கூடாது, நாள் தப்பக் கூடாது. ஆனா இல்ல."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சிரிப்பார், துண்டை எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் மேலே இருந்த வெறுமையைப் பார்க்கவே இல்லை. குனிந்து, கீழ்க்கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இதுதானே எல்லாருக்கும் இருக்கிறதுன்னு சொன்னீங்க?"

"ஆமாண்ணே."

"நல்லா வெளிச்சமா இருக்குது." கொஞ்ச நேரம் அதையே தடவினார். "அப்ப நானும் எல்லாரையும் போலத்தான்."

எத்தனை மேடைகளில் எத்தனை ஆயிரம் சொற்களை வீசியிருப்பேன். அந்த ஒரு வரிக்கு இணையாக ஒன்றையும் நான் சொன்னதில்லை. நெடுநாளாகச் சுமந்த மூட்டையை யாரோ முதுகிலிருந்து இறக்கியதுபோல் இருந்தது. இறக்கிய பிறகும் குனிந்தே நின்றேன், நிமிர முடியும் என்பது மறந்துபோனதால். நீதான் என் முதுகில் தட்டி, "வாயைத் தொறக்கலாம்டி, மூடி போட்டாச்சி" என்றாய்.

மூவரும் தெருமுனைக் கடைக்குப் போனோம். அண்ணன் பன்னீர்ப் பால் கேட்டார். குவளையில் மிதந்த பனிக்கட்டியை விரலால் எடுத்துக் கீழே போட்டு, "வேணாம்பா, டாக்டரம்மா திட்டுவாங்க" என்றார். கடைக்காரருக்கு நாம் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று விளங்கவில்லை. அடுத்த ஆய்வுக்கு அவர் குழாயைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து எடுத்து வந்ததும், "இப்ப இன்னாண்ணே, அடைகாக்குறீங்களா?" என்று நீ தலையில் அடித்துக்கொண்டதும் இன்றும் எங்கள் வீட்டுச் சிரிப்பு. அதன் பிறகு எடுத்த ஒவ்வோர் ஆய்விலும் மேலே வெறுமை, கீழே வெளிச்சம்.

சென்ற மழைக்காலத்தில் உன் நெஞ்சு முன்னறிவிப்பு ஏதுமின்றி நின்றது. பிரான்சிலிருந்து உன் தங்கை வந்து சேரவேண்டும். உன்னைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டி மின்சாரம் போனதும் ஓசை அடங்கிவிட்டது. மழை வேறு, மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. உன் வீட்டார் செய்வதறியாமல் நின்றபோது அண்ணன் எவரிடமும் சொல்லாமல் வெளியே போனார். ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒரு வண்டி நிறையப் பனிக்கட்டியோடு திரும்பினார். முற்றத்தில் அமர்ந்து தானே உடைத்தார். ஒருவரையும் தொட விடவில்லை. கந்தல் சாக்கைப் போடாமல் என் வீட்டிலிருந்து வெள்ளைத் துணி கேட்டு வாங்கி, உன்னைச் சுற்றிலும் அடுக்கினார். எல்லாம் முடிந்த பின், கை சிவந்து விறைத்திருக்க, என் அருகே வந்து நின்றார்.

"உப்பு போடல பாப்பா" என்றார்.

உன் தங்கை வந்தபோது உன் முகம் உன் முகமாகவே இருந்தது.

நெல்லித்தோப்புக் கூட்டத்துக்கு வருகிறேன். இந்த நகரில் தமிழுணர்வு இல்லை, இல்லை, இல்லவே இல்லை என்று மும்முறை இடித்து முழங்குவதாக என் உரையைக் கட்டி வைத்திருந்தேன். கை மணத்தோடு மேடையில் நின்றேன். முதல் இல்லை நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. கீழ்க்கோட்டைப் பார்த்தாயா என்று உன் குரல் கேட்டது. எனக்குத் தெரிந்த கூட்டங்களை மட்டும் பார்த்துவிட்டு, இந்த ஊரின் வீடுகளுக்குள் என்ன பேசுகிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்ததுண்டா? நான் கண்டது வெறுமையா, என் விளக்கின் இருட்டா? "எனக்குத் தெரியவில்லை, தேடிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லி அமர்ந்தேன். கைதட்டல் மிகக் குறைவு. தலைவர் இன்னும் என் தொண்டையைத்தான் ஐயுறுகிறார்.

இன்று காலை அண்ணனுக்கு ஆய்வு நாள். உன் அறையில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். உன் முக்காலி, உன் மேசை, அதே இளஞ்சிவப்பு நீர். கண்ணாடிக் கதவுக்கு இப்பால் நாங்கள் இருவரும் நின்றோம். அவள் மேசையைத் துடைத்தாள். கையுறையை மாற்றி மறுபடி துடைத்தாள். அண்ணனின் குழாயை எடுத்து மூடியைத் திறந்தாள்.

கதவு அழுந்தச் சாத்தியிருந்தது. நான் கூவினாலும் அந்தக் குழாய்க்கு ஒன்றும் நேராது. இருந்தும் என் வாய் மூடிக்கொண்டது. அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "பாப்பா" என்று தொடங்கினார். நான் இடக்கையை உயர்த்தினேன். அவர் நிறுத்திக்கொண்டார். ஆற்றைத் தாண்டி மிதிவண்டியிலேயே வந்தவர், மூச்சு வாங்காமல் நின்றவர், கையைக் கட்டிக்கொண்டு என்னோடு உள்ளே பார்த்தார். தெளிந்த நீரில் கொஞ்சத்தை மிச்சம் விட்டுவிட்டுத்தான் அவளும் எடுத்தாள்.

மூடி அழுந்திய ஓசை கண்ணாடியைத் தாண்டி வரவில்லை. அவள் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கையை இறக்கினேன்.

"இப்ப சொல்லுண்ணே."

"ஒண்ணுமில்ல பாப்பா" என்றார் அண்ணன். "பசிக்குதுன்னு சொல்ல வந்தேன்."